மஸில் காருக்கு ஸ்பீடோமீட்டர் கியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை வந்த அமெரிக்க மஸில் கார்களுக்கான, அதாவது பெரிய எஞ்சின் போட்ட வேகக் கார்களுக்கான, பக்கம் இது. டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோடு ரன்னர், ஃபோர்டு மஸ்டாங், ஷெவர்லே ஷெவல், போன்டியாக் ஜி.டி.ஓ. என்று எதுவானாலும், கேபிள் வைத்த மெக்கானிக்கல் ஸ்பீடோமீட்டர் இருந்தால் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். அந்த மீட்டர்கள் மைலுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் இங்கேயும் எல்லாம் மைலிலேயே இருக்கும்.

ஸ்பீடோமீட்டர் கியர் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

கியர்பாக்ஸின் பின்முனையில், சக்கரத்துக்குச் சக்தி போகும் ஷாஃப்ட்டின் மேல் ஒரு சின்ன கியர் இருக்கும். சில கியர்பாக்ஸில் அது ஷாஃப்ட்டிலேயே வெட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் தனியாக மாட்டியிருப்பார்கள். அதோடு பல் கோத்துக்கொண்டு இன்னொரு கியர், பெரும்பாலும் பிளாஸ்டிக்கில், பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். கேபிளைச் சுற்றுவது இதுதான். குழப்பம் வராமல் இருக்க முதலாவதை ஷாஃப்ட் கியர் என்றும் இரண்டாவதைக் கேபிள் கியர் என்றும் எழுதுகிறேன். கடையில் வாங்கி மாற்றுவது அநேகமாகக் கேபிள் கியரைத்தான்.

கார் ஒரு மைல் ஓடும்போது கேபிள் 1000 சுற்று சுற்ற வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் அந்தக் காலத்தில் கடைப்பிடித்த கணக்கு இது. ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும் 1001 என்று வைத்திருந்தது, அந்த ஒரு சுற்றை நாம் மறந்துவிடலாம். 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு மைல் போகிறோம், அதாவது கேபிள் நிமிடத்துக்கு 1000 சுற்று. பின் ஆக்சில் எதுவாக இருந்தாலும், டயர் எந்த அளவாக இருந்தாலும், இந்த 1000ஐ வரவைப்பதுதான் இரண்டு கியர்களின் ஒரே வேலை.

கம்பெனியில் சரியாகத்தானே வைத்திருப்பார்கள்? பிறகு ஏன் தவறுகிறது?

ஐம்பது வருடத்தில் நான்கைந்து கை மாறிய கார். ஒருவர் டிராக் ரேஸுக்காக 3.23 ஆக்சிலைக் கழற்றிவிட்டு 3.91 போட்டிருப்பார் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே இந்த எண்). அடுத்தவர் 14 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 15 மாட்டியிருப்பார். அதற்கடுத்தவர் கியர்பாக்ஸையே மாற்றியிருப்பார். கேபிள் கியரை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

முள் தப்பாகக் காட்டுகிறது. கியர் வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இந்த விஷயத்தில் பணம் வீணாகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மீட்டருக்குள் இரண்டு தனித்தனி வேலை நடக்கிறது. ஓடோமீட்டர், அதாவது ஓடிய மைலைக் காட்டும் எண் சக்கரங்கள், கேபிளோடு பல்லுக்குப் பல் இணைந்தவை. கேபிள் 1000 சுற்று சுற்றினால் ஒரு மைல் ஏறும், அதில் கூடுதல் குறைவுக்கு இடமே இல்லை. வேகமுள் அப்படி அல்ல. கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அந்தக் காந்தத்தைத் தொடாமல், அதை மூடினாற்போல் ஒரு உலோகக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதையும் கூடவே இழுக்கும், மெல்லிய சுருள்வில் ஒன்று திருப்பி இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை பதிவு செய்த ஏற்பாடு இது. 1969 சார்ஜரிலும் அதேதான்.

காந்தம் வருடக்கணக்கில் வலுவிழக்கும். சுருள்வில் தளரும். உள்ளே போட்ட எண்ணெய் கோந்தாக இறுகும். இவையெல்லாம் முள்ளைப் பாதிக்கும், ஓடோமீட்டரைப் பாதிக்காது. ஆகவே கியர் சரியா தப்பா என்று கேட்க வேண்டியது ஓடோமீட்டரிடம்தான், முள்ளிடம் அல்ல.

உண்மையான 10 மைல் ஓட்டிப் பாருங்கள். ஓடோமீட்டர் 10.0 காட்டி, முள் மட்டும் 60க்கு 68 என்று காட்டினால் கியரில் ஒரு குறையும் இல்லை. மீட்டரைத்தான் பழுது பார்க்க வேண்டும். ஓடோமீட்டர் 12.2 காட்டி, முள்ளும் அதே விகிதத்தில் 73 காட்டினால் கியர்தான்.

மூன்றாவதாக ஒரு சங்கடமான நிலை உண்டு. முள் 60க்கு 60 என்று கச்சிதமாகக் காட்டும், ஓடோமீட்டர் மட்டும் 12.2 ஓடும். யாரோ ஒருவர் கியரைத் தொடாமல், மீட்டரைத் திறந்து முள்ளை மட்டும் இழுத்துப் பிடித்துச் சரிசெய்திருக்கிறார் என்று அர்த்தம். அல்லது காந்தம் அந்த அளவுக்குச் சோர்ந்திருக்கிறது. இந்தக் காரில் சரியான கியரைப் போட்டால் ஓடோமீட்டர் திருந்தும், முள் 60க்கு 49 என்று இறங்கிவிடும். கியரோடு மீட்டரையும் பார்க்கத் தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

10 மைலை எப்படி அளப்பது?

அமெரிக்க இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையாக இருந்தால் ஓரத்திலேயே மைல் பலகைகள் இருக்கின்றன. ஒன்றில் தொடங்கி, அதற்கு அடுத்து வரும் பத்தாவது பலகையில் முடியுங்கள். ஒரு மைல், இரண்டு மைல் போதாது; பத்தில் ஒரு மைல் காட்டும் கடைசிச் சக்கரத்தைக் கண்ணால் படிப்பதிலேயே பிழை வந்துவிடும். அந்தச் சக்கரம் இல்லாத மாடல் என்றால் இன்னும் தூரம் கூட்டிக்கொள்ளுங்கள். எண்ணைப் படிக்கப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது நல்லது.

ஃபோனில் இருக்கும் ஜி.பி.எஸ். செயலியும் போதும். தூரத்துக்கும் சரி, வேகத்துக்கும் சரி. வேகம் பார்ப்பதானால் நேரான சாலையில் ஒரே வேகத்தைச் சிறிது நேரம் பிடித்துவிட்டுப் படியுங்கள், ஏனென்றால் வேகம் மாறும்போது ஃபோன் ஒரு கணம் பின்தங்கும்.

ஓடோமீட்டர் கணக்கு கையில் இருக்கிறது. அடுத்து?

இப்போது இருக்கும் கேபிள் கியரில் எத்தனை பல் என்று தெரிந்தால் வேலை முடிந்த மாதிரிதான். பழைய பல் எண்ணிக்கையை ஓடோமீட்டர் காட்டிய மைலால் பெருக்கி, உண்மையான மைலால் வகுத்துவிடுங்கள். 33 பல், 10 மைலுக்கு 12.2 காட்டியது என்றால்: 33 × 12.2 ÷ 10 = 40.3. தேவை 40 பல் கியர்.

ஆக்சில் என்ன, டயர் என்ன என்று எதுவும் தெரிய வேண்டாம். நான் எப்போதும் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான், ஏனென்றால் காரே சொல்லும் பதில் இது.

திசை குழம்பினால் இப்படி நினைவு வைத்துக்கொள்ளலாம். கேபிள் கியரில் பல் கூடினால் கேபிள் மெதுவாகச் சுற்றும், காட்டுவது குறையும். ஆக்சில் எண் ஏறினால் கேபிள் வேகமாகச் சுற்றும், அதனால் அதிகப் பல் தேவை. டயர் பெரிதானால் குறைந்த பல்.

கார் இன்னும் ஓடும் நிலையில் இல்லை. கணக்குப் போட்டே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மூன்று எண் வேண்டும்: ஷாஃப்ட் கியரின் பல், ஆக்சில் விகிதம், ஒரு மைலுக்கு டயர் எத்தனை சுற்று. மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் கேபிள் கியரின் பல் எண்ணிக்கை வரும்.

1969 டாட்ஜ் சார்ஜர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 440 எஞ்சின், டார்க்ஃபிளைட் 727 ஆட்டோமேட்டிக், 3.23 ஆக்சில். 727இன் ஷாஃப்ட் கியருக்கு 13 பல். டயர் மைலுக்கு 793 சுற்று என்று வைப்போம். 13 × 3.23 × 793 ÷ 1000 = 33.3. ஆகவே 33 பல். இப்போது அதே காரில் 3.91 போட்டால் 13 × 3.91 × 793 ÷ 1000 = 40.3, அதாவது 40. பழைய 33ஐ அப்படியே விட்டால் உண்மையில் 60 போகும்போது 73 காட்டும். மேலே சொன்ன 12.2 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

டயர் சுற்று எண்ணிக்கையை எங்கே பிடிப்பது?

பலரும் டயர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 20168ஐ அதால் வகுக்கிறார்கள். ஒரு மைலின் 63360 அங்குலத்தை பை (π) என்ற எண்ணால் வகுத்தால் வருவது அந்த எண். 215/70 ஆர் 14 டயருக்கு விட்டம் 25.85 அங்குலம், வகுத்தால் 780 சுற்று. காகிதத்தில் சரி. ஆனால் காரின் எடையில் டயர் அடியில் நசுங்கும், அதனால் உண்மையான எண்ணிக்கை இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாக இருக்கும். டயர் கம்பெனியின் விவரப் பட்டியலில் மைலுக்கு எத்தனை சுற்று என்று போட்டிருந்தால் அதை எடுங்கள், விட்டத்தை விட அது நம்பகமானது.

அதையும் விட நல்லது சாக்பீஸ். பின்டயரில் சரியான காற்று அடித்துக்கொள்ளுங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார, காரை நேராகத் தள்ளி டயர் ஐந்து சுற்று சுற்றியதும் தரையில் மறுபடி கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே 1015 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 203. ஒரு மைல் என்பது 160934 சென்டிமீட்டர். 203ஆல் வகுத்தால் 793.

1960களின் டயரில் எஃப்70-14, ஜி70-14 என்று எழுத்தில் அளவு போட்டிருப்பார்கள். அந்தக் காலத்து பயஸ் பிளை டயருக்கும் இன்றைய ரேடியலுக்கும் ஒரே விட்டம் என்று நினைத்து மாற்றாதீர்கள். இன்று மாட்டியிருக்கும் டயரை அளப்பதுதான் வழி.

ஆக்சில் விகிதம் தெரியவில்லை. காரின் தகட்டில் இருப்பதை நம்பலாமா?

தகடு சொல்வது கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பதை. இப்போது அடியில் என்ன இருக்கிறது என்பது வேறு கதை. எண்ணிப் பார்த்துவிடுவதே மேல்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். கியரை நியூட்ரலில் போட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீள ஷாஃப்ட்) சக்கரத்திலும் அடையாளக் கோடு போடுங்கள். ஷ்யூர் கிரிப், பாசிட்ராக்‌ஷன் போன்ற வகை டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரத்தைச் சுற்றும்போது மற்றதும் அதே திசையில் சுற்றும். அதில் சக்கரம் ஒரு சுற்று முடிக்கும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஷாஃப்ட் நாலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 3.91, மூன்றேகாலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 3.23. பத்து மடங்காகச் சுற்றி எண்ணிப் பத்தால் வகுத்தால் சந்தேகமே இருக்காது.

டிஃபரன்ஷியல் திறந்திருக்கிறது என்றால் இன்னும் சுலபம். கிரவுன் வீலின் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) பல்லைப் பினியனின் (அதைச் சுற்றும் சின்னது) பல்லால் வகுங்கள். கிரைஸ்லரின் 8¾ அங்குல ஆக்சிலில் 42க்கு 13 என்றால் 3.23, 39க்கு 11 என்றால் 3.55, 43க்கு 11 என்றால் 3.91.

கிரைஸ்லர் கார்களில் கியர் மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டாட்ஜ், பிளிமத் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி உண்டு, ஒரு பொறியும் உண்டு. நல்ல செய்தி, கேபிள் கியரில் பல் அதிகம். 40இலிருந்து 41க்குப் போனால் மாற்றம் இரண்டரை சதவீதம்தான். ஆகவே எந்த ஆக்சிலாக இருந்தாலும் மிக நெருக்கமாகப் பொருந்தும் ஒரு கியர் கிடைத்துவிடும். கழற்றுவதும் லேசு: கேபிளைக் கழற்றி, ஒரு போல்ட்டையும் அதன் பிடியையும் எடுத்தால், கியரைத் தாங்கும் அடாப்டர் வெளியே வந்துவிடும். கொஞ்சம் ஆயில் வடியும், கீழே ஒரு தட்டு வையுங்கள்.

பொறி அந்த அடாப்டரில்தான். 1966க்குப் பிந்தைய டார்க்ஃபிளைட்டில் கியர் உட்காரும் துளை அடாப்டரின் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். காரணம் இதுதான்: பல் கூடினால் கியரின் குறுக்களவும் கூடும், ஷாஃப்ட்டிலிருந்து அது சற்று விலகி உட்கார வேண்டும். அடாப்டரைத் திருப்பினால் துளை ஷாஃப்ட்டை நெருங்கும் அல்லது விலகும். ஒவ்வொரு நிலைக்கும் எந்தப் பல் எண்ணிக்கை என்று அடாப்டரின் முகத்திலேயே எண் பொறித்திருப்பார்கள்: 32-38, 39-45 என்பது போல. உங்கள் கியரின் எண் எந்த வரம்புக்குள் வருகிறதோ, அந்த எண் கடிகாரத்தின் 6 மணி நிலையில், அதாவது நேர் கீழே இருக்கும்படி மாட்ட வேண்டும்.

நம் சார்ஜரில் 33ஐ எடுத்துவிட்டு 40 போடுகிறோம். 33க்கு 32-38 கீழே இருந்திருக்கும். 40க்கு 39-45 கீழே வர வேண்டும். கழற்றிய மாதிரியே திருப்பி மாட்டினால் பெரிய கியர் ஷாஃப்ட்டோடு இறுகி நசுங்கிப் பல் போய்விடும். மறுபக்கம், பெரிய கியரிலிருந்து சின்னதுக்கு வந்து அடாப்டரைத் திருப்பாமல் விட்டால் பல் நுனி மட்டும் உரசி, சில நாளில் வழுக்க ஆரம்பிக்கும். “புது கியர் மட்டமான சரக்கு” என்று சொல்லப்படும் கதைகளில் பாதி இந்தத் திருப்பாத அடாப்டர்தான் என்பது என் எண்ணம்.

ஃபோர்டில்?

ஃபோர்டில் கேபிள் கியர் சின்னது. வழக்கமாக 16 முதல் 21 பல். கேபிளின் முனையிலேயே ஒரு சின்ன கிளிப்பில் மாட்டியிருக்கும். ஒரே போல்ட்டைக் கழற்றினால் கேபிளோடு கையில் வந்துவிடும். இவ்வளவு சுலபம் வேறெதிலும் கிடையாது.

ஆனால் பல் குறைவு என்பதால் படிகள் பெரியவை. 18இலிருந்து 19க்குப் போனாலே ஐந்தரை சதவீதம் மாறும். ஷாஃப்ட் கியரும் ஒரே மாதிரி இருக்காது. 6, 7, 8 பல் என்று ஆக்சிலைப் பொறுத்து வந்தன. எது இருக்கிறது என்று தெரியாமல் கணக்குப் போடக் கூடாது. கேபிளைக் கழற்றிய துளை வழியாக டார்ச் அடித்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை மெதுவாகச் சுற்றிப் பல்லை எண்ணிவிடலாம்.

ஒரு மஸ்டாங்கில் டாப்லோடர் நாலு கியர் பாக்ஸ், ஷாஃப்ட் கியர் 7 பல், டயர் மைலுக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.00 ஆக்சிலுக்கு 16.8, அதாவது 17 பல். 3.50 ஆக்சிலுக்கு 19.6. அதையே 4.11 ஆக்கினால் 23 கேட்கும், வழக்கமான வரிசையில் அது இல்லை. அப்போது ஷாஃப்ட் கியரையே 6 பல்லாக மாற்ற வேண்டும், கணக்கு 19.7க்கு இறங்கி 20 பொருந்திவிடும். அதற்கு கியர்பாக்ஸின் பின்மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். வேறு வேலைக்காகக் கியர்பாக்ஸ் இறங்கும் வரை காத்திருப்பது புத்திசாலித்தனம்.

நிறத்தைப் பார்த்து ஃபோர்டு கியர் வாங்க வேண்டாம். இந்த நிறம் இத்தனை பல் என்று ஒரு வழக்கம் இருந்தது உண்மைதான், ஆனால் இன்று மறுதயாரிப்பாக வருபவை எல்லாம் அதைக் காப்பாற்றுவதில்லை. பல்லை எண்ணுங்கள். பல்லின் சாய்வு பழையதன் திசையிலேயே இருக்கிறதா என்றும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஷெவி, போன்டியாக் போன்ற ஜி.எம். கார்களில்?

ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் தனி வரிசை. மன்சி நாலு கியர் பாக்ஸில் ஷாஃப்ட் கியர் பெரும்பாலும் 8 பல். டர்போ 400 ஆட்டோமேட்டிக்கில் கேபிள் கியர் 34 முதல் 45 வரை போகும். அதில் 34-39க்கு ஒரு கூடு, 40-45க்கு இன்னொரு கூடு. கிரைஸ்லரில் அடாப்டரைத் திருப்புகிறோம், இங்கே கூட்டையே மாற்ற வேண்டும். வரம்பு தாண்டினால் கியரோடு கூடும் சேர்த்து வாங்குங்கள்.

4.10, 4.56 போன்ற ஆக்சிலுக்கு ஒத்த கியர் கிடைக்காதபோது, கியர்பாக்ஸுக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டும் ஒரு சின்ன விகிதப் பெட்டி உண்டு. உள்ளே இரண்டு மூன்று பல்சக்கரம், அவ்வளவுதான். தொழிற்சாலையிலேயே இதைப் பயன்படுத்தினார்கள், எனவே ஒட்டுவேலை என்று கூச்சப்பட வேண்டாம். சில கார்களில் ஏற்கெனவே இது மாட்டியிருக்கும். ஆக்சிலை மாற்றியவர் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் உங்கள் கணக்கு எப்படிப் போட்டாலும் ஒத்துவராது. முதலில் படுத்துப் பாருங்கள்.

கணக்கில் 19.6 வருகிறது. 19ஆ, 20ஆ?

அந்த மஸ்டாங்கில் 19 போட்டால் 60க்கு 62 காட்டும், 20 போட்டால் 59க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். எண்ணுக்கு நெருக்கம் 20. நான் 19தான் போடுவேன். உண்மையை விடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் மீட்டரால் அபராதச் சீட்டு வராது.

இதற்கு மேல் துல்லியம் தேடுவது வீண். புது டயரில் பூ தேய்ந்து முடியும்போது விட்டம் சுமார் அரை அங்குலம் குறையும், 26 அங்குல டயரில் அது இரண்டு சதவீதம். இன்று கச்சிதமாக வைத்தாலும் அடுத்த டயர் மாற்றத்துக்குள் அது தானாகவே நகர்ந்திருக்கும்.

ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பாக்ஸ் மாட்டினேன். ஐந்தாவது கியருக்குத் தனிக் கணக்கு உண்டா?

இல்லை. ஷாஃப்ட் கியர் இருப்பது வெளியே போகும் ஷாஃப்ட்டில். எந்த கியரில் ஓட்டினாலும் அந்த ஷாஃப்ட் சக்கரத்தோடுதான் சுற்றுகிறது. ஆனால் புதுப் பாக்ஸின் ஷாஃப்ட் கியருக்கு எத்தனை பல் என்பது மாறியிருக்கும், அதை வைத்து மறுபடி கணக்குப் போட வேண்டும்.

தெருவுக்கு ஒரு டயர், டிராக்குக்கு வேறு டயர். எதற்கு வைப்பது?

தெருவுக்கு. கால் மைல் ஓட்டத்தில் வேகத்தைச் சொல்ல டிராக்கிலேயே கருவி இருக்கிறது.

முள் நடுங்குகிறது, குதிக்கிறது. கியர் தேய்ந்துவிட்டதா?

அநேகமாகக் கேபிள். எங்காவது கூர்மையாக மடிந்திருக்கும், எக்ஸாஸ்ட் பக்கம் பட்டு வெந்திருக்கும், அல்லது உள்ளே காய்ந்திருக்கும். உள் கம்பியை உருவித் துடைத்து, தரையில் நேராக வைத்து உருட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் துள்ளினால் வளைந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும். நன்றாக இருந்தால் கிராஃபைட் கிரீஸ் லேசாகத் தடவுங்கள், கீழிருந்து முக்கால்வாசிக்கு மட்டும். மீட்டர் பக்கம் இருக்கும் மேல்முனையை விட்டுவிட வேண்டும். அங்கே தடவியது உள்ளே ஏறினால் காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டு, முள் கோடிக்குப் போய் நின்றுவிடும்.

முள் நிலையாக நின்று தப்பான வேகம் காட்டுவது, நடுங்குவது, அடியோடு அசையாதது மூன்றும் வேறு வேறு வியாதி. கியர் எண்ணிக்கை முதலாவதற்கு மட்டும்தான் மருந்து.

மீட்டரைத் தனியாகச் சோதிக்க முடியுமா?

கேபிளைக் கீழ்முனையில் கழற்றி, வேகம் கட்டுப்படுத்தக்கூடிய டிரில்லில் மாட்டுங்கள். கேபிள் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே நிமிடத்துக்கு 1000 சுற்றில் சுற்றினால் 60 காட்ட வேண்டும், 500இல் 30. டிரில்லின் வேகத்தை ஊகிக்காமல் டாக்கோமீட்டர் வைத்து அளந்தால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. எதிர்த்திசையில் சுற்றினால் முள் பூச்சியத்துக்குக் கீழே முட்டும், உடனே நிறுத்திவிடுங்கள்.

புது கியர் போட்டதும் ஆயில் கசிகிறது.

கேபிள் கியரின் கூட்டில் உள்ளே ஒரு சின்ன ஆயில் சீல், வெளியே ஒரு ஓ-ரிங். கியரை எடுத்த கையோடு இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது, விலை அற்பம். உள் சீல் போனால் தரையில் சொட்டு விழுவதோடு நிற்காது. கேபிள் உறைக்குள்ளேயே ஆயில் ஏறி, டேஷ்போர்டு வரை போய் மீட்டரைக் கெடுத்துவிடும்.

கியர் மாற்றினால் ஓடோமீட்டரைத் திருத்திய குற்றம் வருமா?

வராது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது, ஓடோமீட்டர் காட்டும் மைலை வேண்டுமென்றே மாற்றுவதை. சரியான கியர் போட்டு இனிமேல் சரியாக ஓடவிடுவது பழுதுபார்ப்பு. மீட்டரையே கழற்றிப் பழுது பார்த்தால், பழைய எண் அப்படியே இருக்க வேண்டும். அது முடியாமல் போனால் எண்ணைப் பூச்சியத்தில் வைத்து, முன்பு எவ்வளவு ஓடியது, எந்தத் தேதியில் மாற்றியது என்று எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்கிறது சட்டம்.

விற்கும்போது வாங்குபவரிடம் கியர் மாற்றிய விவரத்தைச் சொல்லிவிடுங்கள். 3.91 ஆக்சிலும் 33 பல் கியரும் சேர்ந்து ஓடிய காலத்தில் ஏறிய ஒவ்வொரு 12,200 மைலுக்கும் அந்தக் கார் உண்மையில் 10,000தான் ஓடியிருக்கும். விலை பேசும்போது இது உங்களுக்குச் சாதகமான விஷயம், பழைய கியரைத் தூக்கிப் போடாமல் கையில் வைத்திருந்தால் காட்டவும் முடியும்.